விடுதலையா, கைவிடுதலா?

நுழையும்முன்

உயிர்களிடம் இரக்கம் கொள்வது தமிழர் போற்றி வந்த பண்பு. அந்த இரக்கத்தால் செய்த ஒரு செயல் பிற உயிர்களுக்குத் தீங்காய் முடியுமானால் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? வீட்டுத் தொட்டியில் வளர்ந்த ஒரு மீனை ஏரியில் விடும் சிறு செயலை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

அம்பத்தூரில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது என்று கொள்வோம். கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறிவிட்டன. கூடத்து மூலையில் கண்ணாடி மீன்தொட்டி மட்டும் எஞ்சி நிற்கிறது. புதிய வீட்டில் அதற்கு இடமில்லை. தங்கமீன்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கிக்கொண்டனர். தொட்டியின் அடியில் ஒட்டிக் கிடக்கும் கரிய மீனை எவரும் கேட்கவில்லை. வாங்கி வந்த நாளில் சுண்டுவிரல் நீளம் இருந்த அது, இன்று ஒரு சாண் அளவையும் கடந்து வளர்ந்துவிட்டது. அதனைக் கொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. "பாவம், ஏரியில் விட்டுவிடு, அங்காவது நிம்மதியாக வாழட்டும்" என்கிறார் அம்மா. மாலையில் ஒரு வாளியில் மீனைச் சுமந்து சென்று, ஏரிக்கரையில் குனிந்து நீரில் விடுகிறான் மகன். ஒருமுறை வாலை அசைத்துவிட்டு மீன் ஆழத்தில் மறைகிறது. ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு அவன் வீடு திரும்புகிறான்.

இக்காட்சியில் தீயவர் எவரும் இல்லை. தாயின் சொல்லில் இரக்கம் இருக்கிறது. மகனின் செயலில் பொறுப்பு இருக்கிறது. ஆயினும், அந்த மாலையில் நிகழ்ந்தது விடுதலை அன்று, கைவிடுதல் என்பதே என் கருத்து. அவர்கள் கைவிட்டது அந்த மீனை மட்டுமா? அறியாமலேயே ஏரியையும் கைவிட்டார்கள். இவ்வாறு கூறுவது கடுமையாகத் தோன்றலாம். அந்த மீனின் இயல்பையும் அந்த ஏரியின் இயல்பையும் அறிந்தபின் இது கடுமையா, உண்மையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

கவசம் அணிந்த மீன்

வண்ணமீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர் மீன்' என்றும் விற்கப்படும் அம்மீனை நாம் உறிஞ்சுவாய்க் கெளுத்தி என்று அழைப்போம். டெரிகோப்ளிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இதன் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோக்கோ முதலிய பேராறுகளும் அவற்றின் கிளைகளும் வெள்ளச் சமவெளிகளும் இது பிறந்து வளர்ந்த இடங்கள். இது சேர்ந்த குடும்பத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் லோரிகாரிடே. லத்தீன் மொழியில் 'லோரிகா' என்பது மார்புக் கவசத்தைக் குறிக்கும். நம் நாட்டுக் கெளுத்திகளுக்குச் செதிளற்ற வழுவழுப்பான உடல். இதற்கோ தலை முதல் வால் வரை எலும்புத் தகடுகள். முதுகிலும் மார்பிலும் உள்ள துடுப்புகளில் வலிய முட்கள் நிற்கின்றன. தலையின் கீழ்ப்புறத்தில் அமைந்த வட்டமான வாயால் பாறையிலோ மரத்திலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.

பெரும்பாலான மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும் நீரிலும் இது பிழைக்கும். நீரில் உயிர்வளி குறைந்தால் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகவே அதனை உட்கொள்ளும் ஆற்றல் இதற்கு உண்டு. உடல் ஈரமாக இருந்தால் நீருக்கு வெளியேயும் பல மணிநேரம் உயிரோடிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் மண்கரையைக் குடைந்து வளை அமைக்கும். பெண்மீன் அதனுள் நூற்றுக்கணக்கில் முட்டையிட, ஆண்மீன் வாயிலில் இருந்து காவல் காக்கும். சில இனங்கள் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் வரை வளரும். சுண்டுவிரல் அளவில் அதனை வாங்கும்போது இவற்றுள் எதனையும் நாம் அறிவதில்லை.

தாயகத்தில் இம்மீன் எவருக்கும் சுமையன்று. முதலை இனங்களும் பெருமீன்களும் நீர்நாய்களும் அதனை உண்கின்றன. பிரேசிலின் அமேசான் கரையில் வாழும் மக்கள் அதனைச் சுட்டு உண்பர். உலர்த்தி இடித்துப் 'பிராக்குயி' என்னும் மீன்மாவாக்கிச் சேமித்தும் வைப்பர். உண்பதும் உண்ணப்படுவதுமாகிய ஆற்றின் பெருங்கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு. நம் ஏரியின் கணக்கில் அத்தகைய வரி எழுதப்படவில்லை. அந்தக் கவசத்தை உடைத்துத் தின்னப் பழகிய உயிர்கள் இங்கு மிக அரியன.

நம் ஏரியின் கெளுத்திகள்

கெளுத்தி நமக்குப் புதிய சொல்லன்று. கெடிறு, கெளிறு என்னும் பழைய வடிவங்களை அகராதிகள் காட்டுகின்றன. மீசையும் முள்ளும் கொண்ட சிறு கெளுத்திகள் தமிழகத்து ஏரி, குளம், வாய்க்கால் எங்கும் வாழ்ந்தவை. கலங்கிய நீரில் கைவிட்டுத் துழாவியவர்கள் கெளுத்தி முள்ளின் கடுப்பை மறந்திருக்கமாட்டார்கள். அதன் உறவினமான தேளி குத்தினால் தேள் கொட்டியதுபோல் வலிக்கும். பெயரே அதற்குச் சான்று. இன்னோர் உறவினமான வாளை ஆறுகளிலும் பெரிய ஏரிகளிலும் பேருருவம் கொள்ளும் மீன். இன்று அது அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

நம் ஏரிகள் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நீர் தாங்குபவை அல்ல. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் சுருங்கிச் சேறாகும். இந்தத் தாளத்திற்கு ஏற்பவே நம் மீன்கள் வாழப் பழகின. தேளியும் விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றைச் சுவாசித்துச் சேற்றுநீரிலும் பிழைத்திருக்கும். மழை வந்ததும் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறி வயல்களிலும் ஆழமற்ற நீரிலும் முட்டையிடும் மீன்கள் பல. ஏரியின் நாள்காட்டி அவற்றின் உடலிலேயே எழுதப்பட்டிருந்தது.

மக்களும் அந்த நாள்காட்டியை அறிந்திருந்தனர். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊராட்சியின் உறுப்புகளுள் ஒன்றாக ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரிகளில் மீன்பிடிக்கும் உரிமைக்காகப் பாசிப்பாட்டம் என்னும் வரி பெறப்பட்டதையும் இடைக்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஏரியைக் காக்க ஒரு குழு, அதன் மீனுக்கு ஒரு கணக்கு என்று வாழ்ந்த தொண்டை மண்டலத்தின் நடுவே இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர் நிற்கிறது.

தொடர்ந்து ஓடும் நீர்

அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று இப்பகுதியின் ஏரிகளை நாம் தனித்தனிப் பெயர்களால் அறிகிறோம். நீர் அவற்றை அவ்வாறு அறிவதில்லை. மேட்டு ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் தாழ்வான ஏரிக்குச் செல்லும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும் அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அது நிறையும்போது திறக்கப்படும் நீர் அடையாற்றில் கலந்து கடலை நோக்கி ஓடுகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஏரி எது, வாய்க்கால் எது, தெரு எது என்று பிரித்தறிய முடியாதபடி நீர் எல்லாவற்றையும் இணைத்தது. அத்தகைய வெள்ளம் மீனுக்குத் திறந்த பெருவழி. ஆகவே, ஓர் ஏரியில் விடப்படும் மீன் அவ்வேரிக்கு மட்டும் உரியதாய் இருப்பதில்லை.

இப்பகுதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இரட்டை ஏரியை அடுத்த கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்பிலும் விற்பனையிலும் இந்திய அளவில் பெயர் பெற்ற ஊர். எண்ணற்ற குடும்பங்களுக்கு அது வாழ்வளிக்கிறது. சிறு இடத்தில் தொட்டி கட்டி, நீரின் தன்மையைக் கையாலேயே உணர்ந்து, மீன்குஞ்சுகளைப் பிள்ளைகளைப் போல் வளர்த்தெடுக்கும் திறன் எளிதில் கைவருவதன்று. அத்தொழிலை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், தொட்டிக்கும் ஏரிக்கும் இடையே உள்ள தொலைவு இங்கு மிகக் குறைவு. ஒரு வாளி நீரைச் சுமக்கும் தொலைவுதான் அது. அலங்கார மீன்கள் தீபகற்ப இந்தியாவின் நீர்வாழ் உயிர்ப்பன்மைக்கு அச்சுறுத்தலாகக்கூடும் என்று ஜே.டி. மார்கஸ் நைட் என்னும் ஆய்வாளர் 2010ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதி எச்சரித்தார்.

என்ன கெடும்?

உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களிலும் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், மலேசியா, வங்கதேசம் முதலிய நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. இந்தியாவில் திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயிலும் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் ஆய்வாளர்கள் அதனைப் பதிவு செய்துள்ளனர். சென்னைப் பகுதி நீர்நிலைகளில் வலைவீசுவோர்க்கும் அது புதிய முகமன்று. கடல் கடந்து அது நீந்தி வரவில்லை. எங்கும் கண்ணாடித் தொட்டியே அதன் கப்பலாக இருந்தது.

அது செய்யும் தீங்கை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, கரைக்கு நேரும் தீங்கு. முட்டையிட அது குடையும் வளைகள் மண்கரையைத் தளர்த்துகின்றன. மெக்சிகோவிலும் ஃபுளோரிடாவிலும் இத்தகைய வளைகளால் கரையரிப்பு நேர்ந்தது பதிவாகியுள்ளது. கான்கிரீட் அணையைவிட மண்கரையை நம்பி நிற்கும் நம் ஏரிகளுக்கு இது சிறு செய்தியன்று.

இரண்டாவது, உணவுக்கு நேரும் தீங்கு. பாசியும் அடிமண்ணில் படிந்த மட்கும் ஏரியின் அடிப்படை உணவு. அவற்றை நம்பிப் புழுபூச்சிகளும், அவற்றை நம்பிச் சிறுமீன்களும், அவற்றை நம்பி விராலும் கொக்கும் வாழ்கின்றன. கவசமிட்ட மீன்கள் திரளாகப் பெருகி அடிப்படை உணவைச் சுரண்டும்போது மேலுள்ள படிகள் ஒவ்வொன்றாய்த் தளரும். பரப்பைச் சுரண்டித் தின்னும்போது அங்கு ஒட்டியிருக்கும் பிற மீன்களின் முட்டைகளும் அதன் வாய்க்குள் செல்லும்.

மூன்றாவது, வலைக்கும் அலகுக்கும் நேரும் தீங்கு. முள்ளும் தகடும் வலையின் கண்ணியில் சிக்கினால் எளிதில் விடுபடா, வலை கிழியும். ஏரி மீனவருக்கு வலை கிழிவது ஒரு நாள் கூலி போவதும், அதனைச் சீர்செய்ய மறுநாள் போவதும் ஆகும். மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் திலேப்பியா மீன்பிடிப்பில் சிறந்து விளங்கியது. பின்னர், மீனவர் வலைகளில் விலைபோகாத கவசக் கெளுத்திகளே நிறைந்து, அவர்களின் வாழ்வு நிலைகுலைந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இம்மீனை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள், விறைத்து நின்ற முட்கள் தொண்டையில் தைக்க மடிந்தன. நம் புறநகர் ஏரிகளிலும் கூழைக்கடாக்கள் இறங்குகின்றன. அவற்றின் அலகுக்கும் இந்த மீனுக்கும் அறிமுகம் இல்லை.

தெரிந்து தெளிவோம்

• உயிர்ப்பன்மை குறித்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதரால் புதிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு நிலைகொண்ட உயிரினங்கள் 37,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் 3,500க்கும் மேற்பட்டவை தீங்கு விளைவிப்பவை.

• வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், தீங்கு தரும் அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும் தடுக்கவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

• பிற மீன்களைத் தின்று அழிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் தடை விதித்தது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்தை ஏற்காதோர் எழுப்பும் வினாக்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. "ஒரே ஒரு மீன் என்ன செய்துவிடும்?" என்பது முதல் வினா. உண்மைதான், துணையற்ற ஒரு மீன் இனம் பெருக்காது. ஆனால், 'ஒரே ஒரு மீன்தானே' என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் நினைக்கிறார். வாளிகள் வெவ்வேறு, ஏரி ஒன்று. தனித்தனியே குற்றமற்றதாகத் தோன்றும் செயல்கள் கூடும்போது பெருந்தீங்காக மாறுவதைப் போக்குவரத்திலும் பார்க்கிறோம், குப்பையிலும் பார்க்கிறோம். மீனிலும் அதுவே நிகழ்கிறது.

"தொட்டியைத் துப்புரவு செய்யும் மீன் ஏரியையும் துப்புரவு செய்யாதா?" என்பது இரண்டாம் வினா. இம்மீன் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்கிறது. தின்றதைக் கழிவாக அதே நீரில் வெளியேற்றவும் செய்கிறது. நீரைத் தூய்மையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும், ஏரியைக் கெடுப்பது பாசியன்று. நம் வீடுகளின் சாக்கடையும் ஆலைகளின் கழிவுநீரும் ஆகும். நாம் செய்யவேண்டிய துப்புரவை ஒரு மீனின் தலையில் சுமத்தி மனநிறைவு கொள்வது எளிது. அதனால் ஏரி தெளியாது.

மூன்றாம் வினா சற்று ஆழமானது. "திலேப்பியாவும் அயல்நாட்டு மீன்தானே? ஜிலேபிக் கெண்டை என்று பெயரிட்டு அதனை நம் மீனாக ஏற்றுக்கொள்ளவில்லையா? கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை அல்லவா? வந்தவை அனைத்தும் பகையா?" இல்லை. வந்தவை எல்லாம் பகையாகா. இருந்தவை எல்லாம் புனிதமும் ஆகா. ஆயினும் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா, பல நீர்நிலைகளில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது நமக்கு உணவானது என்பதால் அந்த இழப்பு இல்லாமல் போகவில்லை. ஒருமுறை விலை கொடுத்துக் கற்ற பாடத்தை மறுமுறையும் விலை கொடுத்துக் கற்க வேண்டுமா என்பதே என் வினா. உறிஞ்சுவாய்க் கெளுத்தியோ ஆராய்ந்து கொண்டுவரப்பட்ட மீனும் அன்று. சந்தையில் விலைபோகும் மீனும் அன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 'அயல்', 'ஊடுருவல்' முதலிய சொற்களை மீனுக்குப் பயன்படுத்திப் பழகிய நாக்கு, அவற்றை மனிதருக்கும் பயன்படுத்தத் துணியும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்போர் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் இல்லாமல் இந்தப் புறநகர் இல்லை. மனிதர் பிழைப்புத் தேடி வருகின்றனர். வந்த ஊரின் சட்டத்தையும் மொழியையும் கற்று அதனோடு இணைகின்றனர். மீனை நாம் காசு கொடுத்து வாங்கி வந்து, வேண்டாதபோது வீசுகிறோம். மீனின் கதையில் குற்றம் வந்தவரிடம் இல்லை, கொண்டுவந்தவரிடம் இருக்கிறது. எனவே, இந்த ஒப்புமையை மனிதர்மீது ஏற்றுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

அழுக்கு யாருடையது?

இந்த மீன் எங்கே எளிதாகச் செழிக்கிறது என்று நோக்கினால் நம் பொறுப்பு இன்னும் தெளிவாகும். கழிவுநீர் கலந்த ஏரியில் உயிர்வளி குறைகிறது. அந்நீரில் நாட்டு மீன்கள் பல மூச்சுமுட்டிச் செத்து மிதக்கின்றன. காற்றை விழுங்கிப் பிழைக்கும் கவசக் கெளுத்தியோ எஞ்சி நிற்கிறது. போட்டியாளர் இல்லாத களத்தை அதற்கு நாமே அமைத்துக் கொடுக்கிறோம். ஒரு கையால் சாக்கடையைத் திறந்துவிட்டு, மறு கையால் மீனை விட்டுவிட்டு, 'ஏரியில் கெளுத்தியும் கெண்டையும் முன்போல் இல்லையே' என்று வருந்துவது பொருந்துமா?

ஆகவே, மீனை மட்டும் பிடித்து அகற்றினால் சிக்கல் தீராது. கழிவுநீர் நின்றால்தான் நாட்டு மீன்கள் மீளும். நாட்டு மீன்கள் மீண்டால்தான் அயல் மீனுக்கு இடம் குறையும். சட்டத்தையும் மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. அதனைத் திருட்டுத்தனமாக வளர்க்கும் குட்டைகளை அதிகாரிகள் அழிக்கும் செய்தி இன்றும் வருகிறது. வாங்குவோர் இருக்கும்வரை வளர்ப்போரும் இருப்பர்.

நாம் செய்யத்தக்கவை

வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போம். இம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டுகள் வாழும்? அத்தனை ஆண்டுகளும் இதனைப் பேண நம்மால் இயலுமா? விற்போரும் இவற்றிற்கான விடையைத் தொட்டியின்மேல் எழுதி ஒட்டலாம். அதனால் விற்பனை சிறிது குறையலாம். தொழிலின் மதிப்போ உயரும்.

வளர்க்க இயலாத நிலை வந்தால், வாங்கிய கடையிலோ வளர்க்க விரும்பும் வேறொருவரிடமோ மீனை ஒப்படைப்போம். அதற்கு வழியில்லாதோர் ஏரியையே நாடுகின்றனர். எனவே, வேண்டாத வளர்ப்பு மீன்களைப் பெற்றுக்கொள்ளும் பொதுத் தொட்டிகளை மீன்வளத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் அமைக்க வேண்டும். 'விடாதே' என்று சொல்பவர்கள் 'இங்கே கொடு' என்று ஓர் இடத்தையும் காட்டவேண்டும் அல்லவா?

சிங்கப்பூரில் வெசாக் திருநாளையொட்டிப் புண்ணியம் கருதி மீன்களையும் ஆமைகளையும் நீர்த்தேக்கங்களில் விடுவோர் உண்டு. தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் அக்காலத்தில் தன்னார்வலர்களைக் கரைகளில் நிறுத்தி, விடவேண்டா என்று மக்களிடம் எடுத்துரைக்கின்றன. வாளியோடு வரும் ஒருவரை நிறுத்தி, முகம் பார்த்துப் பேசும் அந்த முறை நம் ஏரிக்கரைகளுக்கும் பொருந்தும். அப்பணிக்கு மேல்நிலைப் பள்ளி மாணவர்களைவிடத் தகுதியானோர் யார்?

வலையிலோ தூண்டிலிலோ இம்மீன் சிக்கினால் அதனை மீண்டும் ஏரியில் எறிதல் கூடாது. நீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடிருக்கும் அதனைக் கரையில் துடிக்கவிட்டுச் செல்வதும் கொடுமை. விரைந்து வலியின்றி அதன் உயிரை முடித்து மண்ணில் புதைப்பதே முறை. கழிவுநீர் கலந்த ஏரியில் பிடிபட்டதை உண்பதும் நன்றன்று. வலை கிழிந்து இழப்புக்குள்ளாகும் மீனவர்களிடம் அரசே இம்மீன்களை விலைக்குப் பெற்றுக்கொண்டால் ஏரியும் தெளியும். அவர்களின் அடுப்பும் எரியும்.

அறிந்த இரக்கம்

திருக்குறளில் அருளுடைமை ஓர் அதிகாரம். தெரிந்துசெயல்வகை மற்றோர் அதிகாரம். இவ்விரண்டையும் ஒருங்கே கற்றவனே இரக்கத்தை முழுமையாகக் கற்றவன் என்பேன். கண்முன் துடிக்கும் ஓர் உயிருக்காக இரங்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர்களுக்காகவும், இன்னும் பொரியாத முட்டைகளுக்காகவும், நாளை வலைவீச வரும் ஒருவருக்காகவும் இன்றே இரங்குவதற்கு அறிவு துணைநிற்க வேண்டும்.

மீண்டும் அந்த ஏரிக்கரைக்குச் செல்வோம். மாலை மங்கிவிட்டது. மகன் வாளியோடு நிற்கிறான். வாளியின் அடியில் அந்தக் கரிய மீன் அசையாமல் ஒட்டிக் கிடக்கிறது. அதனை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். அதற்கு இங்கு வேறு யாரும் இல்லை. இதனை அறிந்த ஒருவன் அந்த வாளியைக் கவிழ்க்கமாட்டான். சுமை சற்றுக் கனக்கத்தான் செய்யும். ஆயினும், வந்த வழியே திரும்பி அதனைத் தூக்கிக்கொண்டு நடப்பான்.

கற்பவை கற்றபின்...

• உங்கள் பகுதியில் உள்ள ஏரி அல்லது குளத்தின் நீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்குச் செல்கிறது என்பதை மூத்தோரிடம் கேட்டறிந்து வரைபடம் வரைக.

• உங்கள் ஊர் நீர்நிலையில் வாழும் மீன்களின் வட்டாரப் பெயர்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக. முன்பு இருந்து இப்போது காணப்படாதவற்றைத் தனியே குறிப்பிடுக.

• 'வளர்ப்பு உயிர்களை வெளியில் விடுவது இரக்கமே' என்னும் தலைப்பில் ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.